கிழக்குப் பக்கத்துத் துணிக்கொடி

ஜார்ஜ் டவுன்,
பினாங்கு,
10 ஜனவரி 2023

அன்புள்ள அக்காவுக்கு,

சென்ற சனிக்கிழமை, ஜனவரி ஏழாம் தேதி, காலை பத்தே முக்கால் மணிக்கு, துணிக்கொடி கிழக்குப் பக்கத்தில்தான் கட்டப்படும் என்று தீர்மானிக்கப்பட்டது. விவாதம் இரண்டு மணி நேரம் நடந்தது. கலந்துகொண்டவர்கள் நான், லெட்சுமி, கட்டடக் கலைஞர் சுபாஷினி. எதிர்த்து வாக்களித்தவர் யாரும் இல்லை. அப்போது லெட்சுமி கோப்பி கலக்கப் போயிருந்தாள். பாயான் பாரு தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் தரக் கட்டுப்பாடு பார்த்தவன் நான். ஒரு கூட்டம் இவ்வளவு தெளிவான முடிவோடு கலைந்து பார்த்ததில்லை.

முக்கியமானதை முதலில் சொல்லிவிட்டேன். இனி நலம் விசாரிக்கிறேன். நாங்கள் இருவரும் சுகம். உங்கள் இடது முழங்கால் டண்டீயின் குளிரோடு ஒத்துப்போகிறதா?

கொடி கட்டுவதற்கு வீடு இன்னும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். டத்தோ கெராமட் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்து முனையில் அப்பாவின் லாரிக் கொட்டகை நிற்கும் மனைதான். அகலம் ஐம்பத்து நான்கு அடி, நீளம் எழுபது அடி. நம் மூவர் பெயரிலும் இருப்பதால் ஒரே வரிசையில் ஒட்டிய மூன்று வீடுகள். சுபாஷினிக்கு ஒரே கொள்கை: வீடு மின்சாரம் குடிக்கக் கூடாது. வெள்ளைக் கூரை, அதன்மேல் சூரியத் தகடு, மழைநீர்த் தொட்டி. ஏர்கான் கிடையாது. துணி உலர்த்தும் இயந்திரமும் கிடையாது. கொடிக்கு இரண்டு மணி நேரம் ஆனது அதனால்தான்.

கிழக்கு வீடு எனக்கு, மேற்கு வீடு செந்திலுக்கு, நடு வீடு உங்களுக்கு. நடு வீட்டுக்கு இரண்டு பக்கமும் வீடு இருப்பதால் அதன் சுவரில் வெயிலே படாதாம். தம்பிக்கும் எனக்கும் பொதுச் சுவர் இருக்காது என்பது தற்செயலாக அமைந்த நன்மை. வீடுகளுக்கு இடையிலுள்ள சுவர்கள் ஒன்பது அங்குலக் கனம். அவற்றில் ஒரு சன்னல்கூட இல்லை.

மூவரும் கையெழுத்திட்டால்தான் வரைபடம் மாநகர் மன்றத்துக்குப் போகும். செந்திலும் நானும் பேசி ஆறு வருடமாகிறது. காரணம் ஒரு பொறியியல் விஷயம். மறுபடி எழுத வேண்டியதில்லை. படத்தின் நகல் இரண்டு இத்துடன் இருக்கிறது. ஒன்றை அவனுக்கு அனுப்பிவிடுங்கள். செபராங் ஜெயாவுக்குப் பாலம் வழியாக அரை மணி நேரம், டண்டீ வழியாக மூன்று வாரம். அவசரம் ஒன்றுமில்லை.

முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்க மறக்க வேண்டாம்.

உங்கள் தம்பி,
கோகிலன்

*

டண்டீ,
ஸ்காட்லாந்து,
29 ஜனவரி 2023

அன்புள்ள தம்பி கோகிலனுக்கு,

நான் சுகம். முழங்கால் என்னைவிடச் சுகம். நான்தான் அதைச் சுமந்துகொண்டு திரிகிறேன். லெட்சுமிக்கு இரத்த அழுத்தம் குறைந்ததா? கோப்பி கலக்கப் போகும்போது உன் கூட்டத்தை நிறுத்திவைக்கச் சொல்.

தொலைபேசி வேண்டாம், கடிதம் எழுதுங்கள் என்று உங்கள் இருவருக்கும் நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. கத்திக்கொண்டே எழுத யாராலும் முடியாது.

அதனால் நானும் கத்தாமல் எழுதுகிறேன். எனக்கு அறுபத்து மூன்று வயது. நாற்பது வருடம் இங்கே தாதியாக இருந்தாயிற்று. எனக்கு ஊருக்குத் திரும்ப வேண்டும். இங்கே போன வருடம் கோடைகாலம் ஒரு வியாழக்கிழமை வந்துபோனது. ஆனால் பேசிக்கொள்ளாத இரண்டு பேருக்கு நடுவே ஒன்பது அங்குலச் சுவராக இருப்பதற்கு நான் பத்தாயிரம் கிலோமீட்டர் பறந்து வர மாட்டேன். சுபாஷினி எனக்குத் தனியாக எழுதினாள். ஜூலையில் பிள்ளைப்பேறு விடுப்பில் போகிறாளாம். ஜூன் முப்பதுக்குள் மூன்று கையெழுத்தும் விழாவிட்டால் என் பங்கை விற்றுவிடுங்கள். நான் இங்கேயே இருந்துகொள்கிறேன். இது மிரட்டல் இல்லை, தேதி.

உன் படத்தைச் செந்திலுக்கு அனுப்பிவிட்டேன்.

ஒரு சின்னச் சந்தேகம். நடு வீட்டில் கதவின் உயரம் எவ்வளவு? ஆறடி நான்கு அங்குலம் குனியாமல் போகுமா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா பிரமிளா

*

செபராங் ஜெயா,
20 பிப்ரவரி 2023

அன்பு அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம். எனக்குச் சர்க்கரை எட்டில் நிற்கிறது. உங்களுக்கு இருமல் விட்டதா?

அண்ணன் வரைபடம் டண்டீ முத்திரையோடு வந்து சேர்ந்தது. அண்ணன் இருப்பது இங்கிருந்து பார்த்தால் கடலுக்கு அந்தப் பக்கம் தெரிகிற ஊர். பரவாயில்லை, படம் உலகம் சுற்றி வந்திருக்கிறது.

நான் கையெழுத்துப் போட மாட்டேன். செபராங் ஜெயாவில் பத்தொன்பது வருடமாக ஏர்கான் கடை வைத்திருக்கிறேன். நான் ஏர்கான் இல்லாத வீட்டில் குடியேறினால், சைவ உணவகத்துக்காரர் வீட்டில் தினமும் ஆட்டுக்கால் சூப்பு கொதித்த கதையாகிவிடும். வாடிக்கையாளர் முகத்தில் எப்படி விழிப்பது? அடுத்தது, பிற்பகல் வெயில் முழுவதும் மேற்கு வீட்டில்தான் விழும். அதை எனக்கு ஒதுக்கியது தற்செயல் என்று அவர் எழுதியிருப்பார்.

அந்த நிச்சயதார்த்த விஷயம் உங்களுக்கு அவர் சொன்னபடிதான் தெரியும். அவர் மகள் நிச்சயத்துக்கு வீட்டில் நான்தான் ஏர்கான் மாட்டினேன். சரியாகத் தட்டு மாற்றும் நேரத்தில் அது சம்பந்தி தலையில் ஒழுகியது. நூற்றிருபது பேர் முன்னால் அண்ணன் சொன்னார்: “மீன் கடைக்கு மாட்டுற ஏர்கான என் வூட்டுக்கு மாட்டிட்டான்.” நான் மாட்டிவிட்டு இறங்கியபோது தண்ணீர்க் குழாய் சரிவாகத்தான் இருந்தது. இதற்குமேல் நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

படத்தோடு வைத்த குறிப்பில் நீங்கள் கேட்ட ஆறடி நான்கு அங்குலம் எனக்குப் புரியவில்லை. இந்த வயதிலும் வளர்கிறீர்களா, அக்கா?

குளிரில் வெளியே போகாதீர்கள்.

அன்புத் தம்பி,
செந்தில்

*

ஜார்ஜ் டவுன்,
17 மார்ச் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். லெட்சுமியின் இரத்த அழுத்தம் குறைந்துவிட்டது. என்னுடையது பற்றிக் கீழே எழுதுகிறேன். உங்கள் முழங்காலைக் கேட்டதாகச் சொல்லவும்.

கதவு ஏழடி போடச் சொல்லிவிட்டேன். கொண்டுவரப் போவது குளிர்சாதனப் பெட்டி என்று நினைக்கிறேன். அதைப் படுக்க வைத்து அனுப்பக் கூடாது, வாயு கலங்கிவிடும்.

வீடு வரைவதற்கு முன் காற்றைப் பார்க்க வேண்டும் என்பது சுபாஷினியின் முறை. புகை விட்டுப் பார்க்க ஒரு கருவி உண்டாம். விலையைக் கேட்டதும் லெட்சுமி தன் சாம்பிராணிக் கரண்டியைக் கொடுத்துவிட்டாள். ஆகவே, சுபாஷினிக்கு வசதிப்படும் செவ்வாயும் வெள்ளியும் பிற்பகல் மூன்று மணிக்கு, நான் குளித்து, வெயிலுக்கு இதமாக வெள்ளை வேட்டி கட்டி, சட்டை போடாமல், சாம்பிராணிப் புகையோடு மனையின் நான்கு மூலைக்கும் போய் மூலைக்கு ஐந்து நிமிடம் அசையாமல் நிற்கிறேன். பிறகு தெர்மாமீட்டரைப் பார்த்து, வெளிச்சூடு ஒன்று, கொட்டகைச் சூடு ஒன்று என இரண்டு எண்களைக் கொட்டகையின் மேற்குச் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதிவைக்கிறேன்.

இது எப்படித் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்று எனக்கு விளங்கவில்லை.

மூன்றாவது வாரம் கிழக்கு மூலையில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. நான்காவது வாரம் மஞ்சள் துணி. ஐந்தாவது வாரம் கோப்பிக்கடை அங்கிள் லிம் மூன்று ஊதுபத்தியோடு எனக்குப் பின்னால் மூலை மூலையாக நடந்து வந்தார். முடிவில் சுவரில் இருந்த 35, 33 என்ற இரண்டையும் சேர்த்து 3533 என்று தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் நாலு நம்பர் லாட்டரிக்கு எண் கேட்டு இருபது பேர் நிற்கிறார்கள். சூடு நூறு தாண்டாதா என்று ஒருவர் கேட்டார்.

காற்று விஷயத்துக்கு வருகிறேன். அது நாங்கள் நினைத்தபடி கிழக்கிலிருந்து வரவில்லை. பக்கத்திலுள்ள பழைய அடுக்குமாடியில் மோதித் திரும்பி, மேற்குப் பக்கத்துச் சந்து வழியாக வருகிறது. புகையைப் பார்த்து ஐந்து வாரத்தில் இதைக் கண்டுபிடித்தோம். பக்கத்து வீட்டு ரோஹானா, தன் துணியெல்லாம் இருபது வருடமாக அந்தப் பக்கமிருந்துதான் ஆடுகிறது, கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேனே என்றார். ஜனவரி ஏழாம் தேதித் தீர்மானம் மறுபரிசீலனையில் இருக்கிறது.

இப்போது சுபாஷினி ஒன்பது அங்குலச் சுவரை உடைக்கச் சொல்கிறாள். மூன்று வீட்டையும் குறுக்கே துளைத்துக்கொண்டு ஒரே முற்றம் வேண்டுமாம். ஆறடி அகலம், மேற்குச் சந்திலிருந்து கிழக்குக் கோடி வரை. மூன்று வீட்டுச் சன்னல்களும் அதற்குள் திறக்கும். செந்தில் வீட்டில் நுழையும் காற்று உங்கள் வீட்டைத் தாண்டி என் வீட்டு வழியாக வெளியேற வேண்டும். நுழைய ஒரு வழியும் போக ஒரு வழியும் இருந்தால்தான் காற்று வருமாம். நான் மறுத்துவிட்டேன். அவன் சன்னலுக்கு நேராக என் சன்னலைத் திறக்க இயலாது. அந்தப் பெண் கோபப்படாமல் சொன்னாள்: “அங்கிள், நீங்க ரெண்டு பேரும் மூடிக்கிட்டா, வேகப்போறது நடு வீட்டு ஆன்ட்டிதான்.” அவள் கணக்கில் மூடினால் முப்பத்து நான்கு பாகை, திறந்தால் முப்பதுக்குக் கீழே.

என் இரத்த அழுத்தம் இதுதான்.

இப்படிக்கு,
கோகிலன்

*

டண்டீ,
2 ஏப்ரல் 2023

அன்புள்ள செந்திலுக்கு,

சுகம்தானே? சர்க்கரை எட்டில் நிற்கிறது என்கிறாய். நிற்க வைத்தது யார், நீயா மாத்திரையா? எனக்கு இருமல் விட்டது. நன்றாகச் சாப்பிடுகிறேன். இப்போதெல்லாம் தனியாகச் சாப்பிடுவதில்லை.

அண்ணன் எழுதியதை அப்படியே இணைத்திருக்கிறேன். நான்கு பக்கம், படி. நடு வீட்டில் யார் வேகப்போகிறார்கள் என்பது கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

நீ காற்று வியாபாரி. மனையில் காற்று எப்படி வருகிறது என்று ஒரு தடவை போய்ப் பார்த்தாயா? நான் அவனோடு பேசச் சொல்லவில்லை. செவ்வாய், வெள்ளி தவிர்த்துப் போ. போய்ப் பார்த்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல், ஒப்புக்கொள்கிறேன்.

நடு வீட்டுப் படுக்கையறையில் ஏழடிக் கட்டில் போடலாமா? அளந்து எழுது.

பிள்ளைகளுக்கு முத்தம்.

அக்கா

*

செபராங் ஜெயா,
21 ஏப்ரல் 2023

அன்பு அக்காவுக்கு,

எல்லாரும் நலம். சர்க்கரை ஏழாகிவிட்டது. உங்கள் உடம்பு எப்படி?

புதன்கிழமை போனேன். போகாமல் இருக்கவும் முடியவில்லை. என் கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர், டத்தோ கெராமட் பக்கம் புதிதாகச் சாமி வந்திருக்கிறதாம், வெள்ளை வேட்டிப் பெரியவர் ஒருவர் வாயே திறக்காமல் நம்பர் கொடுக்கிறாராம் என்று எனக்கே விலாசம் சொன்னார். நம் விலாசம்.

அண்ணன் தெர்மாமீட்டரை எங்கே மாட்டியிருக்கிறார் தெரியுமா? மேற்குச் சுவரில், உள்ளும் புறமும் ஆணி அடித்து. பிற்பகல் முழுவதும் வெயில் குடிக்கும் சுவர். அது காட்டுவது செங்கல்லின் காய்ச்சல். என் கருவியை நிழலில் பிடித்துப் பார்த்தேன். அவர் 35, 32 என்று எழுதிய அதே நேரத்துக்கு வெளியே 32, உள்ளே 29. முப்பத்தோரு வருடத் தரக் கட்டுப்பாடு!

பேச வேண்டாம் என்றுதானே சொன்னீர்கள். பேசவில்லை. அவர் எண்ணுக்குக் கீழே சுண்ணக்கட்டியால் எழுதினேன்: “சுவரை அளக்க வேண்டாம். காற்றை அளக்கவும். 32, 29.” பெயர் போடவில்லை. திரும்பிப் பார்த்தால் ஒரு கிழவி அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

மேற்குச் சந்தில் நின்றேன். சட்டை பறந்தது. அங்கே இவ்வளவு காற்று இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பத்தொன்பது வருடமாகக் காற்றை விற்கிறேன், அக்கா. அது சும்மா வருவதைப் பார்க்கக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

ஏழடிக் கட்டில் தாராளமாகப் போடலாம். வளர்ந்துகொண்டே இருங்கள்.

அன்புத் தம்பி,
செந்தில்

*

ஜார்ஜ் டவுன்,
12 மே 2023

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உங்களிடமிருந்து எனக்குக் கடிதம் வந்து மூன்று மாதத்துக்கு மேலாகிவிட்டது. முழங்கால்தான் காரணமா?

சுவரில் யாரோ எழுதுகிறார்கள். என் அளவுக்குக் கீழே வேறு அளவு. அளக்கும் இடம் பிழை என்று குறிப்பு வேறு. நான் பதில் எழுதினேன்: “பத்து வாரப் பதிவின் தொடர்ச்சி கருதி, இடம் மாற்ற இயலாது.” அடுத்த வியாழக்கிழமை அதன் கீழ்: “பிழையைத் தொடர்ந்தால் அது பதிவு ஆகாது.” நான்: “தங்கள் தகுதி என்ன?” பதில்: “19 ஆண்டு.” இப்படி ஒன்பது வரி ஆகிவிட்டது. சுவரில் இடம் போதவில்லை. மக்கள் மேல் எண்ணை அண்ணன் நம்பர் என்றும் கீழ் எண்ணைத் தம்பி நம்பர் என்றும் அழைக்கிறார்கள். ஏன் அப்படி அழைக்கிறார்கள் என்று தெரியவில்லை.

அந்தக் கையெழுத்தில் ‘ள’வின் சுழி வலது பக்கம் சாய்கிறது. சிறு வயதில் ஒருவன் தலையில் நான் அதற்காகக் குட்டியிருக்கிறேன். இதற்குமேல் இந்த விஷயத்தில் எனக்குக் கருத்து இல்லை. புதன், வியாழனில் நான் அந்தப் பக்கம் போவதில்லை. எழுதுபவருக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது.

சென்ற ஞாயிறு அங்கிள் லிம்முக்கு ஆறுதல் பரிசு விழுந்தது, அண்ணன் நம்பரில். என் அளவு சரியானது என்பதற்கு வேறு என்ன சான்று வேண்டும் என்று சுவரில் கேட்டிருக்கிறேன். அவர் நன்றிக் காணிக்கையாகச் சிவப்பு நாடா கட்டிய ஒரு மேசை மின்விசிறியைக் கொண்டுவந்து கிழக்கு மூலையில் வைத்தார். மனையில் மின்சாரம் கிடையாது. அதனால் இதுவரை செலவில்லாமல் ஓடாமல் இருக்கிறது. சுபாஷினிக்குத் திருப்தி.

அவளுக்கு ஏழாவது மாதம். கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் பார்க்கிறாள். ஜூன் முப்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. படத்தை இரண்டு விதமாக வரைந்து வைத்திருக்கிறாள், சுவரோடு ஒன்று, முற்றத்தோடு ஒன்று.

ஒரு வரியாவது எழுதவும்.

கோகிலன்

*

ஜார்ஜ் டவுன்,
10 ஜூன் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் பிறகு. நேற்று வெள்ளிக்கிழமை. கொட்டகையில் நாற்பது பேர். நான் புகை காட்டி முடித்து, 35 என்று எழுதி, அடுத்த எண்ணுக்குக் கையைத் தூக்கினேன். பின்னாலிருந்து ஒரு குரல்:

“அண்ணே, மொதல்ல அந்தத் தெர்மாமீட்டர ஆணிலேர்ந்து எடுங்க.”

வெள்ளிக்கிழமை நான் இருப்பேன் என்று தெரிந்தேதான் வந்திருக்கிறான். தலை நரைத்துவிட்டது. வயிறு அப்பாவுடையது. ஆறு வருடத்துக்குப் பிறகு தம்பியிடம் பேசும் முதல் வார்த்தையை நான் பல விதமாக யோசித்து வைத்திருந்தேன். வாயிலிருந்து வந்தது இது:

“உன் நம்பர் என்னா?”

“முப்பத்திரெண்டு, இருவத்தொம்பது.”

நாற்பது பேரும் எழுதிக்கொண்டார்கள். அங்கிள் லிம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மரியாதையோடு கேட்டார்: “ரெண்டு பேர்ல யாரு சாமி?”

“சாமியும் இல்ல, ஒன்னும் இல்ல. அண்ணன் தம்பி லா,” என்றார் ரோஹானா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. பல வருடமாக நம்மைப் பார்க்கிறவர். கூட்டம் கொஞ்சம் ஏமாந்தது.

தெர்மாமீட்டரைக் கழற்றி நிழலில் பிடித்தோம். 32 காட்டியது. நான் சுவரில் இருந்ததை அழித்து 32 என்று எழுதினேன். தரக் கட்டுப்பாட்டில் இதற்கு ஒரு படிவம் உண்டு.

இனி நான் உங்களிடம் ஆறு வருடமாகச் சொல்லாத ஒன்று. நிச்சயத்தன்று காலை, புகைப்படத்தில் தெரிகிறது என்று, ஏர்கான் குழாயை அலங்காரத் துணிக்குப் பின்னால் மேல்நோக்கி மடக்கி வைத்தது நான்தான். தண்ணீர் திரும்பிவிட்டது. சம்பந்தி தலை நனைந்தபோதே எனக்குத் தெரியும். அதனால்தான் அவ்வளவு சத்தமாகத் திட்டினேன். நேற்று நாற்காலியில் உட்கார்ந்து அதைச் செந்திலிடம் சொன்னேன். அவன் சுண்ணக்கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான்.

“தெரியும்ணே. மறுநா வந்து கழட்டுனது நாந்தான?”

பிறகு ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சம்பந்தி வூட்டு ஆளுங்க எல்லாம் நின்னாங்க. அவங்க முன்னால ஒங்கள வுட்டுக் குடுக்கவா?”

ஆறு வருடப் புகார் ஒன்று, புகார் செய்தவர்மீதே நிரூபிக்கப்பட்டு முடிக்கப்பட்டது. லெட்சுமி இரண்டு பேருக்கும் மீ கூன் சேமியா வைத்தாள். அவனுக்குச் சர்க்கரை என்று தெரிந்தும் கேசரியும் வைத்தாள்.

முற்றத்தோடு உள்ள படத்தில் நானும் செந்திலும் கையெழுத்திட்டுவிட்டோம். அவனுக்கு ஒரு நிபந்தனை: அவன் வீட்டில் ஒரே ஒரு ஏர்கான், தொழில் மரியாதைக்காக. சுபாஷினி ஒத்துக்கொண்டாள். துணிக்கொடி கிழக்கிலிருந்து பொது முற்றத்துக்கு ஒருமனதாக மாற்றப்பட்டது. உயரம் ஆறடி. லெட்சுமியும் இருந்து வாக்களித்தாள்.

உங்கள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி, தாள்களை இத்துடன் கூரியரில் அனுப்புகிறேன். இன்னும் இருபது நாள். நீங்களோ பேச்சே இல்லை. நலமாகத்தானே இருக்கிறீர்கள்?

கோகிலன்

*

டண்டீ,
20 ஜூன் 2023

அன்புள்ள கோகிலனுக்கும் செந்திலுக்கும்,

இரண்டு பெயரையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

நான் மிகவும் நலம். இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். ஏப்ரலிலும் மேயிலும் ஒரு சின்ன வேலை இருந்தது, பதிவு அலுவலகத்தில். எனக்கு எந்தப் பதில் வருகிறது என்று தெரியாமல் உங்களுக்கு எழுத மனம் வரவில்லை. நீங்கள் இருவரும் சேர்ந்தீர்களா என்ற பதிலைச் சொல்கிறேன், அலுவலகத்தின் பதிலை இல்லை.

கையெழுத்திட்ட தாள்களைக் கூரியரில் அனுப்பிவிட்டேன், நான்கு நாளில் கிடைக்கும். கையெழுத்தில் என் பெயர் கொஞ்சம் நீண்டிருப்பதைச் சுபாஷினி கவனிப்பாள். படிவத்தில் அதன்படி திருத்தச் சொல்லுங்கள். அவர் பெயர் ஃபெர்கஸ். முப்பது வருடம் இந்த ஊரில் பேருந்து ஓட்டியவர். மனைவியை இழந்தவர். என் முழங்காலுக்கு எண்ணெய் தேய்ப்பதும் அவர்தான். உயரம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

சன்னல்களைத் திறந்து வையுங்கள்.

அக்கா

*

செபராங் ஜெயா,
3 ஜூலை 2023

அன்பு அக்காவுக்கும் அன்பு அத்தானுக்கும்,

நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும், நூறு வயதுக்கு.

கூரியர் வந்தபோது அண்ணன் என் கடையில் இருந்தார். கையெழுத்தைப் பார்த்தார். கடிதத்தைப் படித்தார். அதை மடித்து உறையில் வைத்தார். பிறகு, “அப்ப அது ஐஸ் பெட்டி இல்ல,” என்றார். அதற்குப் பிறகு சிரிக்க ஆரம்பித்தவர், வாடிக்கையாளர் வந்தும் நிறுத்தவில்லை. அந்த வாடிக்கையாளர், இவர் டத்தோ கெராமட் சாமிதானே என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

வரைபடம் ஜூன் இருபத்தாறாம் தேதியே மாநகர் மன்றத்துக்குப் போய்விட்டது. தெர்மாமீட்டர் நிழலுக்கு வந்த பிறகு ஒரு நம்பரும் விழவில்லை. மூன்று வாரத்தில் கூட்டம் கரைந்துவிட்டது. அங்கிள் லிம் மட்டும் வந்து மின்விசிறியைத் துடைத்துவிட்டுப் போகிறார்.

அத்தான் காலுக்குச் சப்பாத்து என்ன அளவு? வாசலில் சப்பாத்துப் பலகை அண்ணன் வரைகிறார். இன்று இரண்டு மணி நேரமாக வரைகிறார்.

அன்புத் தம்பி,
செந்தில்

*

ஜார்ஜ் டவுன்,
8 மார்ச் 2025

அன்புள்ள சுபாஷினிக்கு,

நீயும் குழந்தையும் நலமா? பேச ஆரம்பித்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம். லெட்சுமி வெள்ளிக் கிண்ணம் எடுத்து வைத்திருக்கிறாள். இங்கே மூன்று வீட்டிலும் எல்லாரும் சுகம்.

குடிபுகுந்து மூன்று மாதம் கழித்து நீ கேட்ட அறிக்கை இது. செந்தில் சரிபார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறான்.

பிற்பகல் மூன்று மணிக்கு நடு வீட்டின் சூடு, நிழலில் அளந்தது: தொண்ணூறு நாள் சராசரி 29.4 பாகை. சூரியத் தகடுகள் தரும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு மீதமாகிறது. மழைத் தொட்டி இரண்டு முறை நிரம்பி வழிந்தது. செந்தில் வீட்டு ஏர்கான் இதுவரை பதினோரு மணி நேரம் ஓடியிருக்கிறது. அதில் ஒன்பது மணி நேரம் வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காக. முற்றத்துச் சன்னல்கள் மழை பெய்யும்போது மட்டும் மூடப்படுகின்றன. பேச்சுச் சத்தம் ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குத் தாராளமாகக் கேட்கிறது. என் குறட்டையைப் பற்றிப் பிரமிளா அக்கா ஒரு முறையும் செந்தில் பதினான்கு முறையும் குறிப்பிட்டிருக்கிறார்கள். அங்கிள் லிம்மின் மின்விசிறி கிழக்கு மூலையில் இருக்கிறது. ஓடவில்லை.

வடிவமைப்பில் ஒரே ஒரு திருத்தம் தேவைப்பட்டது. பொது முற்றத்துத் துணிக்கொடி, தீர்மானித்தபடி ஆறடி உயரத்தில் கட்டப்பட்டிருந்தது. அக்காவும் அத்தானும் வந்திறங்கிய மறுநாள் காலை, அத்தான் கோப்பிக் குவளையோடு முற்றத்துக்கு வந்தபோது அது அவர் நெற்றியில் பட்டது. காயம் இல்லை. கோப்பி மட்டும் சிந்தியது. அன்று மாலையே கூடி, ஈரத் துணியும் அவர் முகத்தில் படாதவாறு கொடியை எட்டடிக்கு உயர்த்துவதென்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். செந்திலும் நானும் ஏணி போட்டுக் கட்டினோம்.

லெட்சுமி ஐந்தடி ஓர் அங்குலம். அக்கா ஐந்தடி. எனக்கும் செந்திலுக்கும் கை எட்டவில்லை. மூன்று வீட்டுத் துணியையும் இப்போது ஃபெர்கஸ் அத்தான்தான் காயப் போடுகிறார்.

இப்படிக்கு,
கோகிலன்
செந்தில்